கவிச்சி போகாத கை

எங்கள் பக்கத்தில் கவிச்சி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மீனும் கறியும் கவிச்சி. அவற்றின் வாடையும் கவிச்சி. “இன்னைக்கு ஒங்க வீட்டுல கவிச்சியா?” என்று கேட்டால் சாப்பாட்டை விசாரிக்கிறார்கள். “கவிச்சி அடிக்குது” என்றால் மூக்கைச் சுளிக்கிறார்கள். என் மாமியார் மூன்றாவதாக ஒரு பொருளும் வைத்திருந்தார். அது நான்.

நான் பிறந்தது மணமேல்குடி. அப்பாவுக்கு உரக்கடை. எங்கள் வீட்டில் யாரும் படகில் கால் வைத்தது கிடையாது. எனக்குப் பஸ்ஸிலேயே தலை சுற்றும், படகுக்கு எங்கே போவது? யூரியாவும் வேப்பம்புண்ணாக்கும் மணத்த வீடு அது. ஆனால் புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அன்றே எனக்குக் கடக்கரைக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள் கையில் மீன் வாடை பிறவியிலேயே ஊறியிருக்கும் என்பது இவர்கள் முடிவு. மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது எங்கள் அம்மா போட்ட இறால் வறுவலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களும் இவர்கள்தான்.

இவர்கள் மீனைப் பற்றி எனக்கும் ஒரு முடிவு இருந்தது. கண்மாய் மீனை எங்கள் ஊர்ப் பூனைகூட யோசித்துத்தான் தின்னும். கடல் மீனை அலசி மஞ்சள் போட்டால் வேலை முடிந்தது. கண்மாய் மீன் சேற்றைத் தின்று, சேற்றில் படுத்து, சேறாகவே வளர்ந்தது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றிய பிறகு பிடிக்கிற மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாயில் வைத்தால் மழை பெய்த மறுநாள் மாட்டுக்கொட்டகையில் நிற்கிற மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம், இதற்குப் பேசாமல் சேற்றையே அள்ளிக் குழம்பு வைத்துவிடலாம் என்று சொன்னேன். அவர் அதைச் சிரிப்பாக நினைத்து அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். ஆரம்பம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். என் மாமியார் கை வைத்தால் அந்த மீனிலிருந்தும் வாடை போய்விடும். விரால் எங்கள் வீட்டுக்கு உயிரோடுதான் வரும். அண்டாவில் விட்டு, இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளி மேலே வீசி, மூடியைப் போட்டு, மூடி மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார். உள்ளே மீன்கள் துள்ளித் துள்ளி மூடியை முட்டும். அவர் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். நான் முதல் தடவை பார்த்தபோது மூடியைத் திறக்கப் போனேன்.

“சத்தம் நிக்காமத் தொறக்கக் கூடாது,” என்றார். “அது துடிக்கத் துடிக்கத்தான் கொழகொழப்பைக் கக்கும். தன்னால விட்டாத்தான் நாத்தம் போகும்.”

சத்தம் நின்ற பிறகு எடுத்து, அடுப்புச் சாம்பலைப் பூசி, சொரசொரப்பான கல்லில் தேய்ப்பார். வயிற்றைக் கீறிப் பித்தப்பை உடையாமல் குடலை எடுப்பார். உள்ளே ஒட்டியிருக்கிற கறுப்புச் சவ்வை விரல் நகத்தால் சுரண்டுவார்; கண்மாய் மீனின் கவிச்சி பாதி அந்தச் சவ்வில்தான் இருக்கிறது. முதுகு முள்ளோடு ஒட்டிய ரத்தக்கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பார். அப்புறம் மஞ்சளும் உப்பும். அப்புறம் அரிசி களைந்த தண்ணீர். கடைசியில் புளித்த மோரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டு, ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. அவர் தலை ஆடினால்தான் மீன் சட்டிக்குப் போகும்.

அந்த மூக்குக்கு ஊரில் பெரிய மரியாதை. மொபெட்டில் வருகிற மீன்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே நேற்றைய மீனை அடியில் தள்ளிவிடுவார். விசேஷ வீடுகளில் கறி வெந்ததும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இவரிடம் ஓடி வருவார்கள். இவர் மோந்து பார்த்து ஒரு கொத்து கறிவேப்பிலை போடு என்றால், போட்டுத்தான் இறக்குவார்கள். படித்த பட்டமும் இல்லை, பேரில் நிலமும் இல்லை. அவருக்கு இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதை என் மேல் ஏவிவிட்டார்.

எங்கள் ஊர்க் கண்மாயில் வருஷத்துக்கு ஒருநாள் மீன்பிடித் திருவிழா. பெரியவர் ஒருவர் கரைமேல் நின்று துண்டை வீசியதும் ஊத்தா என்கிற மூங்கில் கூடையும் வலையுமாக ஊரே சேற்றில் இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் சமைத்துத்தான் தின்ன வேண்டும். உறவுக்காரர்கள் சாப்பிட வருவார்கள். நான் வந்த முதல் வருஷம் அன்றைக்குக் கெண்டை முழுவதையும் நான்தான் ஆய்ந்தேன். சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லாம் வெற்றிலையோடு உட்கார்ந்திருக்கும்போது மாமியார் என்னைக் கூப்பிட்டு, கையைக் காட்டச் சொன்னார். ஏதோ வளையல் போடப் போகிறார் என்று நீட்டினேன். பிடித்து மூக்கில் வைத்து இழுத்தார்.

“கவிச்சி,” என்றார். “கடக்கரைக்காரி கையாச்சே, லேசுல போகுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த மாதம் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தனியாக இருக்கும்போது என் கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாலு பேர் வந்து உட்கார வேண்டும். “ஏத்தா, இங்கிட்டு வா, கையக் குடு,” என்பார். மீன் ஆய்ந்த நாளும் உண்டு, ஆயாத நாளும் உண்டு. வருகிறவர்களும் அதை எதிர்பார்த்தே வந்தார்கள். காப்பிக்கு முன்னால் ஒரு வேடிக்கை. நான் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். புளி, காப்பித்தூள், பற்பசை எல்லாம் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளரில் கையைத் தேய்த்தால் போகும் என்று யாரோ சொல்ல அதையும் செய்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்தது. சிலநாள் பாத்ரூமில் உட்கார்ந்து என் கையை நானே மோந்து பார்ப்பேன். பிறகு எனக்கே கவிச்சி அடிக்க ஆரம்பித்தது. அதுதான் கொடுமை.

போனில் சொன்னால் என் வீட்டுக்காரர், அம்மா விளையாட்டுக்குச் சொல்லுது, நீ பெரிசா எடுத்துக்காதே என்பார். விளையாட்டு அவருக்கு, கை என்னுடையதாயிற்றே. எனக்குத் தனிக்குடித்தனம் வேண்டாம், நகைநட்டு வேண்டாம். நாலு பேர் முன்னால் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பது நிற்க வேண்டும். சாமி கும்பிடும்போதெல்லாம் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

சாமி அதைக் கேட்ட விதம் வேறு மாதிரி. எல்லோருக்கும் காய்ச்சல் வந்த வருஷத்தில் எங்கள் வீட்டிலும் வந்தது. நான் எழுந்துவிட்டேன், மாமனார் எழுந்துவிட்டார், மாமியாரும் எழுந்து நடமாடினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தோம். ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுவிட்டு நான் உள்ளே வந்தால், அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் கருகல் நாற்றம். மாமியார் அடுப்புக்கு எதிரிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பாலை வைத்துவிட்டு எங்கே போனாய் என்று என்னைத்தான் திட்டினார். மாமியார் உடைத்தால் மண்குடம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது புரட்டாசியில். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டைகூடக் கிடையாது. ஒரு சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்க வேண்டி நான் புளியோதரைக்குப் பெருங்காயக் கட்டியைக் கையால் பிசைந்து கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். ஆள் வந்தாயிற்று அல்லவா, மாமியார் பழக்கதோஷத்தில் கையைக் கேட்டார். நீட்டினேன். மூக்கில் வைத்து இழுத்தார்.

“கவிச்சி,” என்றார்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. “புரட்டாசியில ஏதுக்கா கவிச்சி?” என்று கேட்டார்.

மாமியார் முகம் ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு, கடக்கரைக்காரி கைக்கு மாசம் ஏது என்று சொல்லிச் சமாளித்தார். நான் என் கையைப் பார்த்தேன். பெருங்காயம் தெருமுனை வரைக்கும் மணந்துகொண்டிருந்தது. அதை மூக்கில் வைத்து இழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பெருமாளுக்குப் படைத்த புளியோதரையை நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, ஒருநாள் லேசாக ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை அவர் தட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டு இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு உப்பு சரியாக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்று படுத்தார். நான் ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மீன்காரர் வந்தால் செவுளைத் தூக்கி மோந்து பார்க்கிற மாதிரியே தூக்குவார், ஆனால் கண் மீன்காரர் முகத்தின் மேல் இருக்கும். அந்த ஆள் முழித்தால் வேண்டாம் என்பார். விசேஷ வீட்டிலிருந்து கிண்ணம் வந்தால் கொண்டுவந்த பெண்ணையே, ஒனக்கு எப்படித் தெரியுது சொல்லு என்று கேட்டுவிட்டு, அதையே திருப்பிச் சொல்வார். ஊர் நம்பியது. என் கையை மோப்பதையும் அவர் விடவில்லை. விட்டால் ஏன் விட்டாய் என்று கேள்வி வரும். ஆகவே மூக்கு செத்த பிறகும் என் கை நாறிக்கொண்டேதான் இருந்தது. முன்பாவது ஒருவேளை உண்மையாக நாறியிருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

அடுத்த கோடையில் மீன்பிடித் திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். என் நாத்தனாரைக் கீரனூரில் கொடுத்திருக்கிறது. அவள் மாமியார் வாயில் வெல்லமும் இருக்கும், ஊசியும் இருக்கும். அந்த அம்மாள் முன்னால் குழம்பு தோற்றுவிட்டால் மகளுக்கும் தலை குனிவு என்று மாமியாருக்கு ஒரே படபடப்பு. மீனை நீ தொடக் கூடாது என்று என்னிடம் முதல்நாளே சொல்லிவிட்டார். எனக்குக் கொடுத்த வேலை வருகிற பெண்களுக்குப் பூக் கட்டுவது. மல்லிகையும் மருக்கொழுந்தும் வாங்கி வைத்திருந்தது.

காலையில் மாமனார் சேறும் சகதியுமாக வந்து விராலும் கெண்டையும் கொட்டினார். அண்டா, உப்பு, மூடி, குழவி. நான் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டினேன். கொல்லையில் மூடி முட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்று வெகுநேரம் கழித்து மாமியார் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. மோரிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நீயும் கத்துக்கிறணும்ல. மோந்து பாத்துச் சொல்லு. கவிச்சி இருக்கா?”

பரீட்சை வைக்கிற மாதிரித்தான் கேட்டார். ஆனால் கண்ணில் பிச்சை இருந்தது. நான் குனிந்து மோந்து பார்த்தேன். அத்தனை சுத்தமான மீனை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. மோர் வாசமும் மஞ்சள் வாசமும்தான். கடற்கரை மூக்குக்கே ஒன்றும் அகப்படவில்லை.

“இருக்குங்க அத்தை,” என்றேன்.

அவர் மறுபடி உப்புப் போட்டுத் தேய்த்தார். மறுபடி கூப்பிட்டார். இன்னும் லேசாக இருக்கிறது என்றேன். கெண்டையின் முதுகு முள் குத்திக் குத்தி அவர் விரலெல்லாம் கீறல். கல்லுப்பு அதில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். புளியைக் கரைத்து ஊற்றி அலசினார். எலுமிச்சம்பழம் பிழிந்தார். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டார், ஒவ்வொரு தடவையும் நான் மெனக்கெட்டு மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். மீன் வெளுத்துப்போய் சதை பிரிய ஆரம்பித்துவிட்டது. வாசலில் கார் சத்தம் கேட்ட பிறகுதான் போதும், போயிருச்சு என்று சொன்னேன். எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் விரல் இடுக்கில் தோல் உரிந்தபோது யார் வருத்தப்பட்டார்கள்?

பந்தி போட்டோம். மண்சட்டியில் நல்லெண்ணெய் மிதக்க, மாங்காய் போட்டு, குழம்பு பார்க்க லட்சணமாக இருந்தது. சம்பந்தியம்மா ஒரு கவளம் உருண்டை பிடித்து வாயில் போட்டார். மீனைப் பிட்டார், அது பிட்ட இடத்திலேயே கரைந்தது. இன்னொரு கவளம் போட்டார்.

“ஏங்க சம்பந்தி,” என்றார் மெதுவாக. “மீன் கொழம்பு வச்சீங்களா, புளிக்கொழம்பு வச்சீங்களா? மீனே தெரியலையே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர்கள் சட்டியையும் மாமியாரையும் பார்த்தார்கள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் குழம்பை யாரும் குறை சொன்னதில்லை. மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் கையை எட்டிப் பிடித்தார்.

இவள் கை பட்டுத்தான் இப்படி ஆகிவிட்டது, கவிச்சி போகட்டும் போகட்டும் என்று கழுவிக் கழுவியே மீன் வீணாகிவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு என் கையை மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. கண்ணைத் திறந்து, “இந்தா, இன்னமும் கவிச்சி அடிக்குது,” என்றார்.

நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். “நான் இன்னைக்கு மீனையே தொடலைங்க. நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க.”

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். இடது கையால் என் விரலைப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். “மருக்கொழுந்துல்ல மணக்குது,” என்றார். பிறகு என் மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் இருந்த என் வலது கையும் அதே மருக்கொழுந்தைத்தான் கிள்ளியது. “சம்பந்தி, ஒங்களுக்கு மூக்கு செத்துப் போச்சா?”

மாமியார் என் கையை விட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூக்கறுந்துபோவது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோமே, அதை நான் கண்ணால் பார்த்தேன். மீன்காரர் மறுவாரம் நேற்றைய மீனை மேலாகவே போட்டுக்கொண்டு வந்தார். விசேஷ வீடுகளிலிருந்து கிண்ணம் வருவது நின்றது. ஒரு வீட்டில் கறிக்குழம்பை நேரே என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். மாமியார் அதே இடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மோந்து பார்த்து ஒரு கொத்து கறிவேப்பிலை போடச் சொன்னேன்.

என் கையை அவர் அதற்கப்புறம் தொடவில்லை. நான் வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததோடு நான் நிற்கவில்லை. இப்போது மீன் ஆய்ந்தால் அவர்தான் என்னிடம் வந்து கையை நீட்ட வேண்டும். வெளியே போகிற பெண்பிள்ளை, கையில் வாடை இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டாமா? தன் மூக்கு சொல்லாது. மாமனாரிடம் கேட்கக் கௌரவம் விடாது. “போயிருச்சா பாரு,” என்பார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. எனக்கு மனசு நன்றாக இருந்தால் போயிருச்சு என்பேன். நன்றாக இல்லாவிட்டால் இருக்குங்க என்பேன். அவர் திரும்பக் கழுவப் போவார். அவர் விரல் இடுக்கிலும் தோல் உரிந்திருக்கிறது.

போன ஐப்பசியில் நாத்தனார் பிள்ளைக்குக் கீரனூரில் காதுகுத்து. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் சம்பந்தி வீட்டுப் படி ஏறப்போவது அதுதான் முதல் தடவை. நானும் மாமனாரும் வீட்டில் தங்க, அவர் மட்டும் போவதாக ஏற்பாடு. சீர்த்தட்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பட்டுப்புடவையும் இழுத்துக் கட்டிவிட்டார். அப்படியிருந்தும் காலையில் மாமனார் கொண்டுவந்த நாலு கெண்டையை நானே ஆய்கிறேன் என்று கொல்லைக்குப் போனார். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற அன்று யாராவது பட்டுப்புடவையோடு மீன் ஆய்வார்களா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். நான் தலைவாரிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். “நல்லாப் பாத்துச் சொல்லு. பிள்ளை வாயில சீனி போடணும்.”

குனியவே வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே குப்பென்று அடித்தது. சேறு, குடல், ரத்தம் எல்லாம் கலந்த வாடை. இந்தக் கையோடு போய் அந்தச் சம்பந்தியம்மா முன்னால் பேரப்பிள்ளையின் வாயருகே கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் நாலு பேர் முன்னால் அந்த அம்மாள் எப்படி முகத்தைச் சுளிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இனித்தது.

“போயிருச்சுங்க அத்தை,” என்றேன். “சோப்பு வாசம்தான் வருது.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன்காரரின் முகத்தைப் பார்க்கிற அதே பார்வை.

“நான் கையே கழுவலைடி,” என்றார். “தண்ணியச் சும்மா தொறந்து விட்டேன். மீன் அலசுன சட்டியில கைய முக்கிட்டு வந்தேன்.”

அவர் குரல் உயரவில்லை.

“அப்ப அன்னைக்கும் இப்பிடித்தானா? மீன் நல்லாத்தான் இருந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. “நல்லாத்தாங்க இருந்துச்சு,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, அழவில்லை. நல்லாத்தான் இருந்துச்சு என்று அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். தன் கைப்பக்குவம் கெடவில்லை என்று தெரிந்ததில் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துபோனதைக்கூடப் பார்த்தேன். பிறகு என் வலது கையைப் பிடித்தார். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அப்போதுதான் பிடிக்கிறார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை, வேடிக்கை பார்க்க ஒரு ஆள் இல்லை. அந்த ஈரக் கையால் என் கையைத் தூக்கி, செத்துப்போன மூக்கில் வைத்து, கண்ணை மூடி, பழையபடி ஒரே இழுப்பு இழுத்தார்.

“கவிச்சி அடிக்குது,” என்றார்.

கையை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார். என்னிடம் வந்து கேட்கவில்லை. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்று வாசலில் இருந்த மாமனாரிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றைக்கு நான் மீனைத் தொடவே இல்லை. இருந்தும் போய்க் கையைக் கழுவினேன். துடைத்துவிட்டு மோந்து பார்த்தேன். திரும்பப் போய்க் கழுவினேன்.